நாத்தனார் வாசித்த மூன்றாம் பாகம்

எங்கள் பக்கத்தில் இசை சொல்லிக்கொடுப்பவர்கள் மொத்தம் ஐந்து பேர். வருஷத்துக்கு ஒரு முறை ஐவரும் சேர்ந்து எங்கள் மாணவர்களை ஒரே மேடையில் ஏற்றுவோம். நூலகத்து மாடியிலிருக்கும் கூடம், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி, நூற்றிருபது மடக்கு நாற்காலிகள். ‘கூட்டு வாசிப்பு’ என்று அதற்குப் பெயர். அந்த ஒரு நாளுக்காக ஆறு மாதம் கூட்டம் போட்டுச் சண்டை பிடிப்போம். யார் முதலில், யார் கடைசியில், யாருடைய மாணவருக்கு நல்ல மைக். சும்மா சொல்லக் கூடாது, சண்டையைக்கூட நாங்கள் தாளம் தப்பாமல்தான் போடுவோம்.

இந்த வருஷத்துக் கடைசிக் கூட்டம் கீபோர்டு டீச்சர் வீட்டு முன்னறையில் நடந்தது. அவர்தான் செயலாளர். மூன்று கீபோர்டுகளையும் துணி போட்டு மூடி, நடுவில் எங்களை உட்காரவைத்து, ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

“மேடையில வாசிக்கும்போது யாராவது பாதியில நிறுத்திட்டு மறுபடி ஆரம்பத்துக்குப் போனா, நாம எல்லாரும் கை தட்டி அவங்களை மரியாதையா இறக்கிவிட்டுடணும். புது விதி.”

வாசித்துவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. மற்ற மூவரும் பார்க்கவில்லை. ஒருத்தர் ஜன்னலைப் பார்த்தார், ஒருத்தர் தன் நகத்தைப் பார்த்தார். நாலு பேர் சேர்ந்து ஒருத்தியைப் பார்க்காமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எதுக்கு ‘யாராவது’ன்னு சுத்தி வளைக்கிறீங்க? வயலின் டீச்சர்னு நேரா எழுதிடுங்களேன்” என்றேன்.

“ஐயோ, பொதுவாத்தான் டீச்சர்...”

“பொதுவாவா? போன வருஷம் நின்னது யாரு, உங்க கீபோர்டா?”

டிரம்ஸ் வாத்தியார் குறுக்கே வந்தார். அவரை நாங்கள் ‘இடி’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள். “கோவிச்சுக்காதீங்கக்கா. போன வருஷம் உங்க பிள்ளைங்க வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தாடி வளர்ந்துடுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. ஆனால் நடந்தது அதுதான்.

போன வருஷம் என் மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரே மெட்டை வாசித்தார்கள். நாலாவது வரியில் ஒருத்திக்கு விரல் சறுக்கியது. உடனே எட்டுப் பேரும், ஒரு பொத்தானை அமுக்கிய மாதிரி, ஒன்றாக நிறுத்தினார்கள். ஒன்றாக வில்லைத் தூக்கினார்கள். ஒன்றாக முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்கள். அடுத்த சறுக்கல் ஆறாவது வரியில். மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி ஆரம்பித்தார்கள். இப்படி ஏழு தடவை. முதலில் ஜனங்கள் அது மெட்டிலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் இருமினார்கள். அப்புறம் சிரித்தார்கள். நிகழ்ச்சி முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. அன்றிலிருந்து எனக்கு ‘முதல்லயிருந்து டீச்சர்’ என்று பெயர்.

“முதல்ல இருந்து.” அதுதான் என் சொல். முப்பத்தொரு வருஷமாக வகுப்பில் நான் அதிகம் சொன்ன சொல். தப்பாக வாசித்துவிட்டுக் கடந்து போனால் அந்தத் தப்பு விரலில் குடியேறிவிடும், அப்புறம் காலி பண்ணவைக்க முடியாது என்பது என் கட்சி. அதனால் எங்கே தப்பினாலும் அங்கேயே நிறுத்தி, ஆரம்பத்துக்கு அனுப்பிவிடுவேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. முதல் மூன்று வரியை என் மாணவர்கள் மாதிரிச் சுத்தமாக வாசிக்க ஒருத்தராலும் முடியாது. என் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர், பட்டறை எங்கள் வீட்டு வாசலிலேயே. கேட்டுக் கேட்டு எல்லா மெட்டிலும் முதல் பாதி அவருக்கு மனப்பாடம். “இதுக்கு அப்புறம் என்ன வரும்?” என்று ஒரு நாள் அப்பாவியாகக் கேட்டார். நான் முறைத்த முறைப்பில் சாவியைத் தலைகீழாகச் சொருகினார்.

கூட்டம் முடிந்து எழுந்தபோது கீபோர்டு டீச்சர் பட்டியலை நீட்டினார். “உங்க பக்கத்திலிருந்து ஒருத்தர் ஏற்கெனவே பேர் கொடுத்திட்டாங்க. ஒன்பதாவது இடம். தனி வாசிப்பு, துணைக்கு நீங்க வாசிக்கிறீங்கன்னு சொன்னாங்க.”

யார் என்று பார்த்தேன். என் நாத்தனார்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. வயது ஐம்பத்தாறு. பல்செட் செய்யும் கூடத்தில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறார், இப்போது அங்கே அவர்தான் தலைமை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வயலினைத் தூக்கிக்கொண்டு வந்து, “கத்துக்கொடு” என்றார். கேட்கவில்லை, சொன்னார். அன்றைக்கே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வகுப்புக்குள் நான் டீச்சர், அவர் என்னை ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். வகுப்பு முடிந்து செருப்பைப் போட்டதும் நான் தம்பி பொண்டாட்டி. செருப்பு போட்ட அடுத்த நொடியே, “என்னடி இது, துணி இன்னும் மடிக்காம கிடக்கு?” என்று ஆரம்பித்துவிடுவார்.

அவருக்கு நல்ல காது, திடமான கை. ஆனால் இந்த மூன்று வருஷத்தில் ஒரு மெட்டைக்கூட ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாசித்ததில்லை. எங்காவது ஒரு இடத்தில் தப்பும், நான் சொல்லுவேன், அவர் ஆரம்பத்துக்குப் போவார். இப்போது கையில் இருந்தது மூன்று பாகமுள்ள மெதுவான மெட்டு ஒன்று. இரண்டாம் பாகத்தின் நடுவில் இடது கை வயலினின் கழுத்துப் பலகையில் மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்த ஏற்றத்தில்தான் சறுக்கும். ஏழு மாதமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

இவர் மேடையில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏற்றத்தில் சறுக்கும், கை தானாக முதல் வரிக்கு ஓடும், நாலு வாத்தியார்களும் மரியாதையாகக் கை தட்டுவார்கள். ஊரே பார்க்க இறக்கிவிடுவார்கள். என் மானம் போவது இருக்கட்டும். அவர் மானம் போனால், அப்புறம் வகுப்புக்கு வருகிற அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

மறுநாள் நேரே அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய்விட்டேன். நீளமான மேஜை, வரிசையாகச் சுண்ணாம்பில் வார்த்த தாடை அச்சுகள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண். ஒரு சின்ன சுடரில் கத்தியைக் காட்டி, மெழுகை எடுத்து, பல்லுக்குப் பல் இடைவெளி பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தார் நாத்தனார். என்னைக் கண்டதும் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

“என்ன, பல்லு கட்டணுமா? உன் வாய்க்கு அளவெடுக்கவே ஒரு நாள் ஆகுமே.”

“அக்கா, இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

“ஏன்?”

விதியைச் சொன்னேன். கை தட்டி இறக்கிவிடுவதையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, கையிலிருந்த தாடையை என் முகத்துக்கு நேரே காட்டினார்.

“இதுல எத்தனை பல்லு?”

“பதினாலு.”

“ஒன்பதாவது பல்லு கொஞ்சம் கோணலா உட்கார்ந்துடுச்சுன்னு வை. மொத்த வாயையும் உடைச்சுட்டு முதல் பல்லுலேர்ந்து ஆரம்பிப்பேனா? முதல்ல பதினாலையும் கட்டி முடிப்பேன். அப்புறம் அந்த ஒண்ணை மட்டும் ராவிச் சரி பண்ணுவேன். நீ சொல்லிக்கொடுக்கிற மாதிரி நான் வேலை பார்த்திருந்தா, ஊர்ல பாதிப் பேரு முன்பல்லு நாலோட திரிஞ்சுக்கிட்டிருப்பான்.”

பக்கத்து மேஜைப் பெண் களுக்கென்று சிரித்தாள். டீச்சராக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். செருப்பு போட்டுக்கொண்டு நின்றேனே.

நாத்தனார் குரலை இறக்கினார். “நல்லாக் கேட்டுக்கோ. முப்பது வருஷமா நான் செஞ்சதெல்லாம் எவன் எவன் வாய்க்குள்ளயோ இருக்கு. தப்பில்ல, அதுதான் என் வேலை. ஆனா எனக்குன்னு ஒண்ணை, ஆரம்பிச்சு, கடைசி வரைக்கும் செய்யணும். ஒரே ஒரு தடவை. நாலு பேரு முன்னாடி. அதுக்குத்தான் பேர் கொடுத்தேன்.”

சரி என்றேன். இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இந்த மூன்று வாரமும் வகுப்பில் நான் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது.

சொல்லக் கூடாது என்றால் சும்மாவா? பழகிப்போன ஒரு சொல்லை விடுவது மூக்குப்பொடியை விடுகிற மாதிரி. முதல் வகுப்பில் பென்சிலைக் கடித்துக்கொண்டேன். இரண்டாம் வகுப்புக்குள் பென்சில் தீர்ந்துவிட்டது. வயலினுக்கும் தாடைக்கும் நடுவில் வைக்கிற கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த நிம்மதி எத்தனை நாளைக்கு?” என்று கேட்டார். வாயில் துணி இருந்ததால் அவர் தப்பித்தார்.

ஆனால் அதனால் ஒன்றும் நடக்கவில்லை. நான் சொல்லாவிட்டால் என்ன, சொல் அவர் கைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஏற்றத்தில் சறுக்கியதும் வில் தானாக நின்றது, கண் தானாக இசைக் குறிப்புத் தாளின் தலைக்குப் போனது. “நான் ஒண்ணுமே சொல்லலைக்கா” என்பேன். “நீங்க சொல்லலைங்க. எனக்குக் கேக்குது” என்பார். மூன்று வாரத்தில் ஆறு வகுப்பு. ஆறிலும் ஒரு தடவைகூட மூன்றாம் பாகத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பாகத்தை அவர் வீட்டில் தனியாக, துண்டு துண்டாகப் பழகி வைத்திருந்தார். அவ்வளவுதான். நானே விதைத்தது, நானே பிடுங்க முடியவில்லை. என் மேல் எனக்கே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

கடைசி வகுப்பு முடிந்ததும் கேட்டேன். “அக்கா, பயமா இல்லையா?”

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். “எதுக்குடி பயம்? வாசிக்கத்தானே போறேன், ஆபரேஷனா பண்ணப் போறேன்?”

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. பின்சுவர் ஓரமாகவும் ஆட்கள் நின்றார்கள். கதவுக்கு வெளியே மாடிப்படியில் வாத்தியங்களும் குரல்களும் ஒரே நேரத்தில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தன. பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார்கள். நாத்தனார் வேலை பார்க்கும் பல்செட் கூடத்திலிருந்து மூன்று பெண்களும் வந்திருந்தார்கள். அவர் கட்டிய பல்லோடு ஏழெட்டுப் பேராவது வந்திருப்பார்கள். அவர் வரிசையாகக் கண்ணாலேயே எண்ணி, “அந்த நீலச் சட்டை, மேல் வரிசைப் பல்லு என்னோடது. சிரிச்சா எப்படி இருக்குன்னு பாரு” என்று பெருமையாகச் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருக்குப் பல் மேல் கண்.

புல்லாங்குழல் வாத்தியாரின் மாணவர்கள் நன்றாக வாசித்தார்கள். பாட்டு வாத்தியாரின் குழு இன்னும் நன்றாகப் பாடியது. கீபோர்டு பிள்ளைகள் ஒருத்தர்கூடப் பாதியில் நிற்கவில்லை. அவர்கள் தப்பு செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், பதினேழு எண்ணினேன். நிற்கவில்லை. முன்வரிசையில் கீபோர்டு டீச்சர் மடியில் கை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாவது, நாங்கள்.

நாத்தனார் வேலைக்குப் போடுகிற கண்ணாடியோடு மேடையேறினார். எனக்கு முன்னால் ஒரு மைக், அவருக்கு முன்னால் ஒன்று. அவர் மெட்டு, நான் அடியில் துணை வயலின். தலையசைத்தேன். ஆரம்பித்தோம்.

முதல் பாகம் பழுதில்லை. இருக்காதே, அது எங்கள் சொந்த வீடு அல்லவா. இரண்டாம் பாகம் வந்தது. ஏற்றம் நெருங்க நெருங்க என் காதுமடல் சுட்டது. அவர் இடது கை மேலே ஏறியது. சுரம் ஒரு இம்மி கீழே விழுந்தது.

வில் தயங்கியதைப் பார்த்தேன். அவர் கண் தாளின் தலைக்கு ஓடியதையும் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கண் திரும்பி வந்துவிட்டது. இருந்த இடத்திலிருந்தே அடுத்த சுரத்தை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். கடந்துவிட்டார்! ஏழு மாதம் நின்ற இடத்தைக் கடந்துவிட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் குதிக்கலாம் போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் என் விரல் பக்கத்துக் கம்பியில் விழுந்தது.

அப்படி ஒரு அசிங்கமான சத்தம். கதவு கீச்சிட்ட மாதிரி. என் வில் தானாக மேலே போனது. என் வாய் தானாகத் திறந்தது.

“முதல்ல இருந்து.”

மைக்கில்.

கூடம் கொல்லென்று சிரித்தது. இடியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. முன்வரிசையில் கீபோர்டு டீச்சர் விதி என்றால் விதி என்கிற ஆள். அவர் கைகள் மடியிலிருந்து எழுந்தன. எழுந்தவை பாதி வழியில் நின்றன. யாரை இறக்குவது என்று அவருக்குப் புரியவில்லை, ஏனென்றால் நாத்தனார் நிறுத்தவில்லை.

அவர் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார்.

“நிக்காதடி. நான் போய்க்கிட்டே இருக்கேன், வந்து சேரு.”

மேடையில், வாத்தியக் கையோடு, ‘ங்க’ இல்லாமல். ஏற்பாடு அதோடு போச்சு.

வந்து சேரு என்று சொல்லிவிட்டார். எங்கே சேருவது? ஆரம்பத்திலிருந்து என்றால் தூக்கத்தில்கூட வாசிப்பேன். ஓடுகிற மெட்டின் நடுவில் ஏறிப் பழக்கமே இல்லை. என் மாணவர்களையும் பழக்கியதில்லை, நானும் பழகியதில்லை. நான் வில்லோடு சும்மா நிற்க, இரண்டாம் பாகத்தின் மிச்சத்தை அவர் தனியாகவே வாசித்து மூன்றாம் பாகத்துக்குள் போனார். அவமானமாக இருந்தது. கூடவே, என்ன அழகாக வாசிக்கிறார் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் வந்தன, ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

அப்புறம் கண்ணைத் தாளிலிருந்து எடுத்தேன். அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். காது கொடுத்துக் கேட்டேன். மூன்றாம் பாகத்தின் நாலாவது வரி ஆரம்பிக்கும் இடத்தில், மெதுவாக, கம்பியின் மேல் வில்லை வைத்தேன். சேர்ந்துகொண்டது. அவர் தலை ஒரு தடவை ஆமாம் என்று அசைந்தது.

மூன்றாம் பாகத்தில் அவர் மூன்று இடத்தில் தப்பினார். பழக்க தோஷம், எண்ணிவிட்டேன். ஒன்றிலும் அவர் ஆரம்பத்துக்குத் திரும்பவில்லை. கடைசிக்கு முந்தின வரிக்கு வந்தோம். கடைசி வரிக்கு வந்தோம். அதில் கடைசிச் சுரம் நீளமானது, வில்லின் முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டியது. இழுத்தார். சுத்தமாக நின்றது. நான் என் வில்லை எடுத்துவிட்டேன்.

அவர் எடுக்கவில்லை. வில் நுனிக்கு வந்ததும் திருப்பி, அதே சுரத்தை மறுபடி இழுத்தார். அடிக்கு வந்ததும் மறுபடி திருப்பினார். ஜனங்கள் கையைத் தூக்கி, தட்டலாமா கூடாதா என்று காத்திருந்தார்கள். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து, மைக்குக்குக் கேட்காமல் கேட்டார்.

“இப்ப என்ன பண்ணணும்?”

வில்லைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன், வைக்கச் சொல்லிக்கொடுத்தேன், ஆரம்பிக்க ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்தேன். முடிக்கச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அவருக்கு மட்டும் இல்லை, முப்பத்தொரு வருஷத்தில் ஒருத்தருக்கும்.

“வில்லை எடுத்துடுங்கக்கா” என்றேன்.

“எடுத்துட்டா?”

“அவ்வளவுதான். முடிஞ்சிருச்சு. முழுசா வாசிச்சுட்டீங்க.”

கண்ணாடிக்குள் அவர் கண் நிறைந்ததைப் பார்த்தேன். வில் நிற்கவில்லை.

“இருடி” என்றார். “நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் இழுத்துக்கறேன்.”

“சரிக்கா” என்றேன்.

அந்த ஒரே சுரத்தை அவர் ஆசை தீர இழுத்தார். கூடம் முழுக்கக் காத்திருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.